ஓராண்டில் நான்கு மாதம்

அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில், ஃபுளோரன்ஸ் மாவட்டத்து அரசுப் பள்ளி ஒன்றில் ஒன்பதாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த மாணவிக்குக் கற்றல் குறைபாடு இருப்பதாக 1985ஆம் ஆண்டு கண்டறிந்தார்கள். வகுப்பு ஒன்பது, வாசிப்போ ஐந்தாம் வகுப்புப் பிள்ளையின் அளவு. இப்படிப்பட்ட மாணவருக்குப் பள்ளி நிர்வாகம் ஒரு தனிநபர் கல்வித் திட்டம் எழுதித் தர வேண்டும் என்பது சட்டம். எழுதித் தந்தார்கள். வாரத்துக்கு மூன்று பாடவேளை தனிக் கவனிப்பு, மீதி நேரம் வழக்கமான வகுப்பு. ஆண்டு இறுதிக்கான இலக்கு, வாசிப்பில் 5.4 (ஐந்தாம் வகுப்பின் நான்காம் மாத அளவு; பள்ளியாண்டுக்குப் பத்து மாதம் என்று கணக்கு) என்ற நிலையிலிருந்து 5.8, கணக்கில் 6.4 என்ற நிலையிலிருந்து 6.8. ஒரு முழு ஆண்டு பள்ளிக்குப் போய் நான்கு மாதத்துக்கான முன்னேற்றம் கண்டால் போதும் என்று அரசாங்கத்தின் காகிதமே சொன்னது.

இதே வேகத்தில் போனால் பள்ளி முடிக்கும்போது அவள் எங்கே நின்றிருப்பாள் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மூன்று ஆண்டுகள், 12 மாத முன்னேற்றம். 5.4 என்பது 6.6 ஆகியிருக்கும். பதினெட்டு வயதில் ஆறாம் வகுப்பு வாசிப்பு. அந்தத் திட்டத்தை எழுதியவர்களைக் கொடியவர்கள் என்று நான் நினைக்கவில்லை. படிவத்தில் ‘இலக்கு’ என்று ஒரு கட்டம் இருந்திருக்கும், எட்ட முடிகிற எண்ணாகப் பார்த்து நிரப்பியிருப்பார்கள். அலுவலகங்களின் இயல்பு அது.

பெற்றோர் ஒப்புக்கொள்ளவில்லை. முறையீட்டை உள்ளூர் விசாரணை அதிகாரி கேட்டார், மாநில அளவிலும் ஓர் அதிகாரி கேட்டார். இருவருமே திட்டம் போதுமானது என்றார்கள். இதற்கிடையில் 1985 செப்டம்பரிலேயே பெற்றோர் மகளைச் சார்ல்ஸ்டன் பகுதியில் இருந்த டிரைடன்ட் அகாதமியில் சேர்த்துவிட்டார்கள். கற்றல் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கென்றே நடந்த தனியார் பள்ளி அது. கட்டணம் முழுக்க அவர்கள் கைப்பணம்.

அந்தப் பள்ளியும் அதைப் போன்ற பிற பள்ளிகளும் எங்கிருந்து வந்தன என்று பார்த்தால்தான் இந்த வழக்கு எதைத் தொட்டது என்பது விளங்கும்.

‘கற்றல் குறைபாடு’ என்ற பெயருக்கு ஒரு பிறந்த நாளே சொல்லலாம். 1963 ஏப்ரல் 6, சிகாகோ. பிள்ளைகளுக்கு என்னதான் பிரச்சினை என்று தெரியாமல் அலைந்துகொண்டிருந்த பெற்றோர்கள் கூட்டிய மாநாடு. மூளைக் காயம், மூளையின் இயக்கத்தில் சிறு கோளாறு என்று ஆளுக்கொரு பெயரை மருத்துவர்கள் சொல்லிக்கொண்டிருந்த காலம். அங்கே பேசிய உளவியலாளர் சாமுவேல் கிர்க், காரணத்தை ஊகிக்கும் பெயர்களை விட்டுவிட்டு, பள்ளியில் கண்ணுக்குத் தெரிவதைச் சொல்லும் பெயராக இதை முன்வைத்தார். அறிவுக்கூர்மையில் குறையில்லை, கண்ணும் காதும் நன்றாக இருக்கின்றன, ஆனாலும் எழுத்தோ எண்ணோ பிடிபடவில்லை. பெற்றோர்கள் அந்தப் பெயரைப் பற்றிக்கொண்டு அடுத்த ஆண்டே சங்கம் அமைத்தார்கள்.

கிர்க் பெயர் வைப்பதற்கு வெகுகாலம் முன்பே குழந்தைகள் இருந்தார்கள். 1896இல் பிரிங்கிள் மார்கன் என்ற ஆங்கிலேய மருத்துவர், கெட்டிக்காரனாக இருந்தும் வாசிக்க வராத பதினான்கு வயதுப் பையன் ஒருவனைப் பற்றி எழுதினார். 1920களில் அமெரிக்காவின் ஐயோவாவில் நரம்பியல் மருத்துவர் சாமுவேல் ஆர்ட்டன் இத்தகைய பிள்ளைகளைத் தொடர்ந்து ஆராய்ந்தார். அவரோடு சேர்ந்த அன்னா கில்லிங்ஹாம் என்ற ஆசிரியை அந்த ஆய்வுகளைப் பாடமுறையாக மாற்றினார். இன்றைக்கும் இந்தப் பள்ளிகளின் அறிமுக ஏடுகளில் ‘ஆர்ட்டன்-கில்லிங்ஹாம்’ என்ற இரட்டைப் பெயர் முத்திரை போல இருக்கும்.

முறை என்று பார்த்தால் மாயம் ஒன்றும் இல்லை. ஓர் ஒலி, அதற்குரிய எழுத்து. அதைப் பார்க்க வேண்டும், வாய்விட்டுச் சொல்ல வேண்டும், சொல்லிக்கொண்டே விரலால் எழுத வேண்டும். மணல் தட்டில் எழுத வைக்கும் ஆசிரியர்கள் உண்டு. நெல்லைப் பரப்பி ‘அ’ எழுதிய நமக்கு இது அதிசயமாகத் தோன்றாது. ஒன்று உறுதியாகப் பிடிபட்ட பிறகே அடுத்தது. முந்தைய நாள் படித்தது மறுநாள் மறுபடி வரும், அதற்கடுத்த நாளும் வரும். முன்னே ஓடுகிறவர்களுக்குச் சலிப்பூட்டும் இந்தப் பொறுமைதான் வழக்கமான வகுப்பறையில் கிடைக்காதது. முப்பது பேர் இருக்கும் வகுப்பில் ஒருவருக்காகப் பாடத்தை நிறுத்த எந்த ஆசிரியராலும் முடியாது.

இவ்வளவு பாடு எதற்கு என்று தமிழில் எழுத்தறிந்தவர்களுக்குத் தோன்றலாம். ஆங்கில எழுத்து முறையின் குணம் அப்படி. 26 எழுத்துகள், ஏறத்தாழ 44 ஒலிகள். ‘தோ’, ‘த்ரூ’, ‘டஃப்’, ‘காஃப்’ என்ற நான்கு சொற்களும் எழுத்தில் ஒரே நான்கு எழுத்துகளோடுதான் முடிகின்றன. ஒலியில் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லை. நம் மொழியில் ஒரே ‘க’ இடத்துக்கேற்ப ஒலி மாறினாலும் அந்த மாற்றத்துக்கு ஓர் ஒழுங்கு இருக்கிறது. ஆங்கிலமும் வேறு 12 ஐரோப்பிய எழுத்து முறைகளும் குழந்தைகளுக்கு எவ்வளவு காலத்தில் கைவருகின்றன என்று ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2003இல் வெளியானது. அடிப்படை வாசிப்பை எட்ட ஆங்கிலக் குழந்தைகளுக்குப் பெரும்பாலான மற்ற மொழிக் குழந்தைகளைப் போல் இரு மடங்குக்கும் மேலான காலம் பிடிக்கிறது என்று அது சொன்னது. சாதாரணக் குழந்தைகளுக்கே இந்த நிலை.

அதற்காக, டிஸ்லெக்சியா என்னும் இந்த வாசிப்புக் குறைபாடு ஆங்கிலத்தின் நோய் என்று சொல்லிவிட முடியாது. 2001இல் இத்தாலி, பிரான்ஸ், பிரிட்டன் மூன்று நாட்டு டிஸ்லெக்சியாக்காரர்களையும் மூளைப் படம் எடுத்துப் பார்த்தார்கள். வாசிக்கும்போது மூளையின் இடப்பக்கத்தில் ஒரே பகுதி மூவரிடமும் மந்தமாக இயங்கியது. ஆனால் வாசித்துக் காட்டச் சொன்னபோது இத்தாலியர்கள் மற்ற இருவரையும்விட நன்றாக வாசித்தார்கள், ஏனென்றால் இத்தாலிய எழுத்து நேரானது. அதே மூளையோடு ஆங்கிலத்தில் பிறந்தவர் கூடுதலாக அவதிப்படுகிறார். தமிழ்வழியில் ஓரளவு சமாளித்துவந்த பிள்ளை ஆங்கிலவழிக்கு மாறியதும் திணறுவதைப் பார்த்திருக்கும் ஆசிரியர்கள் இதை யோசித்துப் பார்க்கலாம்.

சிகாகோ மாநாட்டுக்கு அடுத்த பத்தாண்டில்தான் இந்தச் சிறு பள்ளிகளில் பல முளைத்தன. தலைநகர் வாஷிங்டனில் சாலி ஸ்மித் என்ற தாய் 1967இல் லேப் ஸ்கூலைத் தொடங்கினார், தம் மகனுக்கு ஏற்ற பள்ளி கிடைக்கவில்லை என்பதால். வாசிக்க முடியாத பிள்ளைக்கும் வரலாறும் இலக்கியமும் வேண்டும், அவற்றைக் கலை வழியே தரலாம் என்பது அவர் கட்சி. சிறுவர்கள் குகை மனிதர் சங்கத்தில் தொடங்கி, தேவர் சங்கம், வீரர் சங்கம், மறுமலர்ச்சிச் சங்கம் என்று ஆண்டுக்கொரு யுகமாக வேடமிட்டு வளர்ந்தார்கள். மாசசூசெட்சில் 1971இல் சார்ல்ஸ் டிரேக் தொடங்கிய லேண்ட்மார்க் பள்ளியின் வழி வேறு. ஒவ்வொரு மாணவருக்கும் நாள்தோறும் ஓர் ஆசிரியரோடு தனியாக ஒரு பாடவேளை. எளிமையாகச் சொன்னால் இவ்வளவுதான். செலவில் சொன்னால், ஆசிரியர் எண்ணிக்கை வேறு பள்ளிகளைப் போல் பல மடங்கு. இன்று இத்தகைய பள்ளிகள் பலவற்றில் ஆண்டுக் கட்டணம் ஐம்பதாயிரம் டாலரைத் தாண்டிவிட்டதற்குக் காரணம் கட்டடமும் புல்வெளியும் அல்ல, இந்தக் கணக்குதான்.

ஆர்ட்டன்-கில்லிங்ஹாம் முறையைப் புகழ்பவர்கள் பலரும் சொல்லாமல் விடும் செய்தி ஒன்று உண்டு. அந்த முறை பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2021இல் வெளியான பகுப்பாய்வு ஒன்று, பலன் நல்ல திசையில் தெரிந்தாலும் புள்ளியியல்படி உறுதியாகச் சொல்லும் அளவுக்கு இல்லை என்றது. ஒலிக்கும் எழுத்துக்கும் உள்ள உறவை ஒளிவுமறைவின்றி, வரிசை பிசகாமல் கற்பிப்பது பலன் தரும் என்பதற்கு வேறு சான்றுகள் நிறைய உள்ளன. அமெரிக்க நாடாளுமன்றம் கேட்டு அமைக்கப்பட்ட தேசிய வாசிப்புக் குழு 2000ஆம் ஆண்டிலேயே அதைச் சொன்னது. ஆகவே மணல் தட்டில் மந்திரம் இல்லை என்றே நான் படிப்பேன். சிறிய குழு, பயிற்சி பெற்ற ஆசிரியர், தினமும் செலவிடும் நேரம், இவை மூன்றும் சேர்ந்து செய்யும் வேலை அது. இந்த மூன்றையும் விலைக்கு வாங்க முடிந்தவர்கள் வாங்கினார்கள்.

அரசாங்கம் உள்ளே வந்தது 1975இல். உடற்குறையோ அறிவுக்குறையோ கற்றல் குறையோ எதுவாக இருந்தாலும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ‘இலவசமான, பொருத்தமான பொதுக் கல்வி’ கிடைக்க வேண்டும் என்ற சட்டத்தில் அதிபர் ஜெரால்ட் ஃபோர்ட் நவம்பர் 29 அன்று கையெழுத்திட்டார். நாட்டில் இருந்த எண்பது லட்சம் ஊனமுற்ற பிள்ளைகளில் பாதிக்கு மேற்பட்டோருக்குத் தகுந்த கல்வி இல்லை, பத்து லட்சம் பேருக்குப் பள்ளியே இல்லை என்று சட்டத்தின் முகவுரை ஒப்புக்கொண்டது. கூடுதல் செலவில் 40 சதவீதம் வரை மைய அரசு ஏற்கும் என்ற வாக்குறுதியும் இருந்தது. கொடுக்க முடிவதற்கு மேல் இந்தச் சட்டம் வாக்களிக்கிறது என்று கையெழுத்திட்டதையொட்டி வெளியிட்ட குறிப்பிலேயே ஃபோர்ட் எழுதினார். அவர் சொன்னது பலித்தது. அந்த 40 சதவீதத்தை மைய அரசு இதுவரை ஓராண்டுகூட எட்டியதில்லை. மீதிச் சுமை மாநிலங்கள் மீதும் உள்ளூர்ப் பள்ளி நிர்வாகங்கள் மீதும் விழுந்தது. ஃபுளோரன்ஸ் மாவட்டத்தின் 5.8 என்ற இலக்கை இந்த வரவு செலவோடு சேர்த்துப் படிக்க வேண்டும்.

‘பொருத்தமான’ என்றால் என்ன என்று சட்டம் அளந்து சொல்லவில்லை. 1982இல் உச்ச நீதிமன்றம் முதன்முறையாக அதற்குப் பொருள் சொல்லும்போது கையைச் சுருக்கியே அளந்தது. காது கேளாத ஒரு சிறுமி, சைகை மொழிபெயர்ப்பாளர் கேட்டு வந்த வழக்கு. அவள் வகுப்பில் தேறிக்கொண்டுதான் இருக்கிறாள், அவள் திறமை முழுவதையும் வெளிக்கொணரும் கடமை பள்ளிக்கு இல்லை, ஓரளவு பயன் கிடைத்தால் போதும் என்று தீர்ப்பு வந்தது. நான்கு மாத முன்னேற்றம் என்று எழுதத் துணிந்தவர்களுக்குப் பின்னால் இந்தத் தீர்ப்பு இருந்தது.

அடுத்து பர்லிங்டன் வழக்கு. மாசசூசெட்ஸ் மாநிலத்து நகர நிர்வாகம் ஒன்று, கற்றல் குறைபாடுள்ள சிறுவனை இன்னோர் அரசுப் பள்ளிக்கு மாற்றலாம் என்றது. தந்தை 1979இல் அவனை லிங்கன் ஊரிலிருந்த கேரல் பள்ளியில் தாமே சேர்த்தார். நகரம் சரியா, தந்தை சரியா என்ற வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு வந்து முடிய 1985 ஆகிவிட்டது. நீதிபதி ரென்குவிஸ்ட் ஒருமனதான தீர்ப்பை எழுதினார். நீங்கள் செய்தது சரிதான் என்று பல ஆண்டு கழித்துச் சொல்லிவிட்டு, கட்டிய பணத்தைத் திருப்பித் தர வழியில்லை என்று கைவிரித்தால் அது வெற்று வெற்றி என்றார். பள்ளிக்கூடம் ஓராண்டில் ஒரு வகுப்பு நகர்கிறது, நீதிமன்றம் நகர்வதில்லை. பிள்ளையின் வயது வாய்தா வாங்காது. எனவே பெற்றோர் முதலில் பணம் கட்டிச் சேர்க்கலாம், பிறகு திரும்பக் கேட்கலாம். கூடவே ஒரு வரியையும் சேர்த்தார்: அப்படிச் செய்வது பெற்றோரின் சொந்தப் பண ஆபத்தில்.

கேரல் பள்ளி மாநிலத்தின் அங்கீகாரம் பெற்றது. டிரைடன்ட் அகாதமி அப்படி இல்லை. அதன் ஆசிரியர்களில் எல்லோரிடமும் மாநிலச் சான்றிதழ் இல்லை. சட்டம் கேட்கும் வடிவத்தில் தனிநபர் கல்வித் திட்டமும் அங்கே எழுதப்படவில்லை. ஃபுளோரன்ஸ் நிர்வாகம் இதைத்தான் பிடித்துக்கொண்டது. எங்கள் திட்டம் போதாது என்றே வைத்துக்கொள்ளுங்கள், அங்கீகாரமில்லாத பள்ளிக்கு மக்கள் பணத்தை எப்படித் தருவது? கேள்வி நியாயமற்றது அல்ல. வேறொரு வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் 1989இல் இந்த வாதத்தை ஏற்றும் இருந்தது.

மாணவி 1988இல் டிரைடன்டில் படிப்பை முடித்தாள். மூன்று ஆண்டுகளில் அவளுடைய வாசிப்புப் புரிதல் மூன்று வகுப்பு உயர்ந்திருந்தது. அவளுடைய முன்னேற்றத்தை அந்தப் பள்ளி மூன்று மாதத்துக்கு ஒருமுறை அளந்தது, ஆசிரியருக்கு மாணவர் எண்ணிக்கை குறைவு. இவற்றையெல்லாம் பார்த்த கீழ் நீதிமன்றம், சட்டம் எதிர்பார்த்த கல்வியை அந்தப் பள்ளி தந்திருக்கிறது என்று முடிவு செய்து, 35,716 டாலர் 11 சென்டும் வட்டியும் வழக்குச் செலவும் பெற்றோருக்குத் தர உத்தரவிட்டது. மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது இன்னும் கூர்மை. பிள்ளையைக் கைவிட்ட அதே பள்ளி நிர்வாகத்தின் முத்திரை இல்லை என்பதற்காக, நன்றாகக் கற்பிக்கும் பள்ளியில் பிள்ளையைச் சேர்க்கக் கூடாது என்று தடுப்பது சட்டத்தின் நோக்கத்தோடு பொருந்தாது என்றது.

1993 நவம்பர் 9 அன்று உச்ச நீதிமன்றமும் ஒருமனதாக அதையே உறுதிசெய்தது. தீர்ப்பை எழுதியவர் சாண்ட்ரா டே ஓகானர். அங்கீகரிக்கப்பட்ட பள்ளியாகப் பார்த்துச் சேர்த்திருக்க வேண்டும் என்ற வாதத்துக்கு அவர் தந்த பதில்களில் ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது: அங்கீகரிக்கப்பட்ட தனியார் பள்ளிகளின் பட்டியல் எதையும் தென் கரோலினா மக்கள் பார்வைக்கு வைத்திருக்கவே இல்லை. இல்லாத பட்டியலைப் பார்த்துப் பள்ளி தேடியிருக்க வேண்டும் என்றிருக்கிறார்கள். பணம் தர விருப்பமில்லை என்றால் நிர்வாகத்துக்கு இரண்டு வழி உண்டு என்றும் அவர் எழுதினார். அரசுப் பள்ளியிலேயே பொருத்தமான கல்வி கொடுங்கள், அல்லது நீங்களே தேர்ந்தெடுத்த நல்ல தனியார் பள்ளிக்கு அனுப்புங்கள்.

அன்றிலிருந்து சிறிய தனியார் பள்ளிக்கு எதிர்பாராத ஒரு பாத்திரம் வந்து சேர்ந்தது. அது பாடம் நடத்தியதோடு நிற்கவில்லை, பக்கத்து அரசுப் பள்ளியை அளக்கும் கோலாகவும் ஆகிவிட்டது. அங்கே மூன்று ஆண்டில் மூன்று வகுப்பு என்றால், இங்கே ஏன் ஓராண்டில் நான்கு மாதம்? நியூயார்க்கில் இந்த வகை வழக்குகளுக்குப் பெயரே ‘கார்ட்டர் கேஸ்’ என்றாகிவிட்டது. மாணவியின் குடும்பப் பெயர் அது. நகரம் ஆண்டுதோறும் இதற்காகக் கோடிக்கணக்கான டாலரைத் தனியார் பள்ளிக் கட்டணமாகத் தருகிறது.

யாருக்குத் தருகிறது என்று கேட்க வேண்டும். முதலில் கட்டு, பிறகு கேள் என்ற வழியில் நடக்க முதலில் கட்டுவதற்குப் பணம் வேண்டும். பிள்ளையைச் சோதிக்கும் தனியார் உளவியலாளருக்குப் பல ஆயிரம் டாலர், வக்கீலுக்குத் தனி. 2005இல் வந்த இன்னொரு வழக்கில், பள்ளியின் திட்டம் போதாது என்று நிரூபிக்கும் பொறுப்பு முறையிடுகிறவர் மீதே, அதாவது பெரும்பாலும் பெற்றோர் மீதே என்று உச்ச நீதிமன்றம் தீர்த்தது. அதை எழுதியவரும் ஓகானர்தான். அடுத்த ஆண்டு, வழக்கில் வென்றாலும் நிபுணர்களுக்குக் கொடுத்த கட்டணம் திரும்பக் கிடைக்காது என்றானது. ஒரு கையால் திறந்த கதவை மறு கையால் பாதி சாத்தியது போல. கையில் பணமில்லாத பெற்றோருக்காகக் கட்டணத்தை நேரடியாகப் பள்ளிக்கே கட்டச் சொல்லும் வழியை நியூயார்க்கில் உள்ள மைய அரசு நீதிமன்றங்கள் ஏற்றிருக்கின்றன என்பது உண்மை. ஆனால் தீர்ப்பு வரும்வரை பணம் வாராமலேயே இடம் தந்து காத்திருக்க ஒரு சிறு பள்ளியால் எத்தனை பிள்ளைகளுக்கு முடியும்?

மைய அரசின் சிறப்புக் கல்விச் சட்டத்தின் கீழ் வந்த பிள்ளைகள் 2022-23 கல்வியாண்டில் சுமார் 75 லட்சம் பேர். அவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குக் கற்றல் குறைபாடு. சிறு பள்ளிகள் எத்தனை இருந்தாலும் இந்தக் கூட்டத்துக்கு அவை கடலில் கரைத்த பெருங்காயம். இதை உணர்ந்து வேறு வழி தேடியவர்களும் உண்டு. லூயிசியானாவின் பேட்டன் ரூஷ் நகரில், செனட்டர் பில் காசிடியின் மனைவி லாரா காசிடி முன்னின்று, டிஸ்லெக்சியா உள்ள பிள்ளைகளுக்கென்றே கட்டணமில்லாப் பொதுப் பள்ளி ஒன்றை நிறுவினார், 2013இலிருந்து நடக்கிறது. சிறு பள்ளியின் பாடமுறையை அரசுப் பணத்தில் நடத்துகிற சோதனை அது. இந்தப் பாதையில் ஓர் உறுத்தலும் இருக்கிறது. ஊனமுள்ள பிள்ளையை முடிந்தவரை மற்றப் பிள்ளைகளோடு சேர்த்தே படிக்க வைக்க வேண்டும் என்பதும் அதே 1975ஆம் ஆண்டுச் சட்டத்தின் கட்டளை. தனிப் பள்ளியில் வாய்விட்டு வாசிக்கச் சொன்னால் சிரிக்க ஆளில்லை. தெருவில் கூட விளையாடும் பிள்ளைகளும் அங்கே இல்லை. இந்த இரண்டில் எது பெரிது என்பதைப் பிள்ளையைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். தூரத்திலிருந்து தீர்ப்புச் சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை.

நான்கு மாதம் போதுமா என்ற கேள்வியை உச்ச நீதிமன்றம் நேராகச் சந்திக்க இன்னும் கால் நூற்றாண்டு பிடித்தது. 2017இல் கொலராடோவிலிருந்து வந்த வழக்கு, ஆட்டிசம் உள்ள சிறுவன் ஒருவனுடையது. ஆண்டுக்கு ஆண்டு ஏறத்தாழ அதே இலக்கையே திருப்பித் திருப்பி எழுதிக்கொண்டிருந்த அரசுப் பள்ளியிலிருந்து பெற்றோர் அவனை ஒரு சிறப்புப் பள்ளிக்கு மாற்றியிருந்தார்கள். இம்மியளவுக்குச் சற்று மேலான பயன் இருந்தால் போதும் என்றிருந்தது கீழ் நீதிமன்றம். அந்த அளவுகோலை எழுத்தில் வடித்தவர்களில் ஒருவர், அப்போது மேல்முறையீட்டு நீதிபதியாக இருந்த நீல் கோர்சச், 2008இல். அவரை உச்ச நீதிமன்றத்துக்கு நியமிப்பது பற்றிய செனட் விசாரணை நடந்துகொண்டிருந்த மார்ச் 22ஆம் நாளிலேயே அந்த அளவுகோலை உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தள்ளியது. பிள்ளையின் நிலைக்கேற்ற முன்னேற்றத்தைத் தரக்கூடியதாகத் திட்டம் இருக்க வேண்டும், இலக்கில் போதிய துணிவு இருக்க வேண்டும் என்றது.

இவ்வளவுக்குப் பிறகும் நடைமுறை பழையபடியேதான். தனியார் பள்ளிக்கு மாற்றுவதானால் பத்து வேலை நாளுக்கு முன் நிர்வாகத்துக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று 1997இல் சேர்த்த விதி இருப்பதால், கோடை விடுமுறை முடியும் தறுவாயில் பெற்றோர்கள் அந்தக் கடிதத்தை அனுப்புகிறார்கள். உங்கள் திட்டம் எங்களுக்கு ஏற்புடையதல்ல, காரணம் இவை, கட்டணத்தைத் திரும்பக் கோருவோம். ஆனால் சிறு பள்ளிகளில் இடங்கள் வசந்த காலத்திலேயே நிரம்பிவிடும். முன்பணம் கட்டி ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருந்தால்தான் செப்டம்பரில் நாற்காலி உண்டு. அரசுப் பள்ளியின் திட்டம் கைக்கு வருவதோ பல நேரங்களில் அதற்கும் பிறகு. நிர்வாகத்தின் வக்கீல் விசாரணையில் முதலில் எடுத்துக் காட்டுவது அந்த ஒப்பந்தத்தின் தேதியைத்தான்: எங்கள் திட்டத்தைப் பார்ப்பதற்கு முன்பே முடிவு செய்துவிட்டீர்கள், இல்லையா?